ஆடுகிற உடம்புக்கு யார் பொறுப்பு?

1

அத்திப்பட்டு புதுநகரில் ரயிலை விட்டு இறங்கி வள்ளூர்ப் பக்கம் நடந்தால் அனல்மின் நிலையத்தின் புகைபோக்கிகள் கூடவே வரும். மூன்று அலகுகள், அலகுக்கு 500 மெகாவாட், மொத்தம் 1500. தேசிய அனல்மின் கழகமும் தமிழ்நாட்டு மின்சாரத் துறையும் கூட்டாக அமைத்தது. இந்த மின்சாரம் போய்ச் சேரும் ஊர்களில் விளக்குப் போட்டு ராத்திரியில் ஆட்டம் நடக்கிறது. எங்கள் பையன்கள் ஆறரை மணிக்கு இருட்டியதும் பந்தைக் கையில் எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போகிறார்கள்.

கிரவுண்டு என்று நாங்கள் சொல்வது ஒரு புறம்போக்கு. இரண்டு பக்கமும் சவுக்குக் கழி நட்டுக் கோல் போஸ்ட். ஒரு ஓரத்தில் லாரிகள் நிற்கும். மழைக்காலத்தில் பாதி கிரவுண்டு தண்ணீருக்குள். பள்ளியில் படிக்கிறபோது நானும் அங்கே லெஃப்ட் பேக் ஆடியவன்தான். பிறகு தமிழ் எம்.ஏ., கட்டுரை, விமர்சனம் என்று திசை மாறிவிட்டது.

சில மாதங்களுக்கு முன் எங்கள் தெரு அக்கா ஒருத்தர் வீட்டு வாசலில் நிறுத்திக் கேட்டார். அவர் மகனுக்குப் பதினேழு வயது. பிளஸ் டூ முடித்துவிட்டான். வேறு மாநிலத்து அகாடமி ஒன்றிலிருந்து ட்ரையல்ஸுக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். அதே வாரத்தில் கான்ட்ராக்டர் ஒருவர் ஹெல்பர் வேலைக்குக் கேட் பாஸ் வாங்கித் தருவதாகச் சொல்லியிருக்கிறார். இரண்டில் ஒன்று.

"தம்பி, நீ எம்.ஏ. படிச்சிருக்க. புக்குல எல்லாம் எழுதுற. ஒண்ணே ஒண்ணு சொல்லு. புரொஃபஷனலா ஆடணும்னா இன்னா வேணும்? இவங்கிட்ட அது இருக்குதா, இல்லியா?"

ரெண்டு நாள் டைம் குடுங்கக்கா என்றேன். ரெண்டு நாள் ரெண்டு மாதமாகி, அந்தப் பதில் இப்போது இந்தக் கட்டுரையாக வந்து நிற்கிறது.

இந்தக் கேள்விக்குச் சந்தையில் தயாராக ஒரு பதில் இருக்கிறது. திறமை, கடும் உழைப்பு, ஒழுக்கம், தன்னம்பிக்கை. பள்ளி ஆண்டுவிழாச் சிறப்பு விருந்தினர்களும் தொலைக்காட்சி நிபுணர்களும் இதையே சொல்கிறார்கள். இந்தப் பட்டியலில் உள்ள எல்லாமே பையனின் உடம்புக்குள்ளும் மனசுக்குள்ளும் இருப்பவை. அவன் ஜெயித்தால் அவை இருந்தன, தோற்றால் இல்லை. ஊர், வேலை, கூலி, சோறு, தூக்கம் எதற்கும் அதில் இடமில்லை. விளையாட்டு பற்றிய நமது பொதுக் கதையாடல் முழுவதும் வரலாற்றைத் துடைத்துவிட்டு உடம்பை மட்டும் தனியாக நிறுத்திக் காட்டுகிற கதையாடல். அக்காவின் கேள்விக்கு அதற்குள் பதில் கிடைக்காது. அது தனி ஆளின் குணம் பற்றிய கேள்வி அல்ல, வேலையின் வரலாறு பற்றிய கேள்வி.

2

முதலில் சட்டம் என்ன சொல்கிறது என்று பார்ப்போம். வீரர்களின் தகுதிநிலை, இடமாற்றம் பற்றிய ஃபிஃபா விதிகளில் தொழில்முறை ஆட்டக்காரர் யார் என்பதற்கு ஒரு வரையறை உண்டு. கிளப்புடன் எழுத்துமூலமான ஒப்பந்தம் இருக்க வேண்டும். ஆடுவதற்காக அவருக்கு ஆகும் செலவைவிடக் கிடைக்கும் பணம் கூடுதலாக இருக்க வேண்டும். அவ்வளவுதான். மற்ற எல்லோரும் அமெச்சூர். எவ்வளவு வேகமாக ஓடுகிறார், எத்தனை கோல் போட்டார் என்பதெல்லாம் வரையறைக்குள் வருவதில்லை. ஒரு தாளும் ஒரு கணக்கும்தான் வருகின்றன.

எனவே நாமும் கணக்கையே போடுவோம். தொழில்முறை நடுக்கள ஆட்டக்காரர் ஒருவர் 90 நிமிடத்தில் ஏறத்தாழ 10 முதல் 12 கிலோமீட்டர் ஓடுகிறார். அதுவும் சீரான ஓட்டமில்லை. நின்று, திரும்பி, பாய்ந்து, மறுபடி நின்று. இப்படி வாரத்தில் ஐந்தாறு நாள் பயிற்சி செய்கிற உடம்புக்கு ஒரு கிலோ எடைக்குக் குறைந்தது 1.6 கிராம் புரதம் வேண்டும் என்பது விளையாட்டு உணவியலில் பரவலாக ஏற்கப்பட்ட அளவு. பையன் 60 கிலோ. நாளைக்கு 96 கிராம். ஒரு முட்டையில் 6 கிராம் என்று வைத்தால், வெறும் முட்டைக் கணக்கில் பதினாறு. பருப்பு, பால், மீன், கறி என்று பிரித்துப் போட்டாலும் காசு காசுதான். ரேஷனில் இலவச அரிசி உண்டு. ஓடுவதற்கான மாவுச்சத்துக்கு அது ஆகும். தசைக்கு? அரசுப் பள்ளி மதிய உணவில் வாரத்துக்கு ஐந்து முட்டை கிடைத்தது. பத்தாம் வகுப்போடு அதுவும் நின்றது. பையன் கிடுகிடுவென்று வளர்கிற பதினாறு, பதினேழு வயதில் அந்த முட்டை இல்லை.

அடுத்தது தூக்கம். எட்டு ஒன்பது மணி நேரம் வேண்டும் என்கிறார்கள். அக்கா வீடு ஒற்றை அறை. வீட்டுக்காரர் நைட் ஷிப்ட் முடிந்து காலை ஏழு மணிக்கு வருவார். அவர் படுக்கப் பையன் எழுந்தாக வேண்டும். அடுத்தது பூட்ஸ். சரளைத் தரையில் ஆறு மாதம் தாங்காது. பிறகு பயணம். பேசின் பிரிட்ஜ் போய் ரயில் மாறி வியாசர்பாடி ஜீவாவில் இறங்கி, அங்கிருந்து கிரவுண்டு. போக வர இரண்டரை மணி நேரம்.

இதெல்லாம் கூட்டினால் தெரிவது என்ன? ஒரு பையன் பன்னிரண்டு வயதிலிருந்து இருபது வயது வரை, சம்பாதிக்காமல், வேலை செய்யாமல், நன்றாகச் சாப்பிட்டு, நன்றாகத் தூங்கி ஆட வேண்டும். அந்த எட்டு வருடச் செலவை யாராவது ஏற்க வேண்டும். ஏற்றபிறகும் அவன் ஆட்டக்காரனாக வருவான் என்று உறுதியில்லை. வந்தாலும் முப்பத்து மூன்று, முப்பத்து நான்கில் முடிந்துபோகும். அதற்குப் பின் மிச்சமிருக்கும் நாற்பது வருடத்துக்கும் யாராவது பொறுப்பேற்க வேண்டும். தொழில்முறைக் கால்பந்தின் வரலாறு என்பது இந்த 'யாராவது' யார் என்பதன் வரலாறு.

3

இங்கிலாந்திலிருந்து தொடங்குவதற்குக் காரணம் உண்டு. அங்கேயும் இது மில் தொழிலாளியின் கதைதான். 1850ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் பெண்களையும் சிறுவர்களையும் சனிக்கிழமை பிற்பகல் இரண்டு மணிக்கு மேல் வேலை வாங்கக் கூடாது என்றது. அவர்கள் இல்லாமல் பஞ்சாலை ஓடாது என்பதால் ஆண்களுக்கும் அரைநாள் கிடைத்தது. அந்த அரைநாளில்தான் லங்காஷயரின் மில் ஊர்களில் கால்பந்து வேர் பிடித்தது. அதுவரை அது பணக்காரப் பள்ளிகளின் கனவான்கள் ஆடிய ஆட்டம்.

1883இல் எஃப்.ஏ. கோப்பை இறுதியாட்டம். ஒரு பக்கம் ஈட்டன் பள்ளியின் பழைய மாணவர்கள். எதிரே பிளாக்பர்ன் ஒலிம்பிக் என்கிற அணி; அதில் நெசவாளிகளும் நூற்பாலைத் தொழிலாளிகளும் பட்டறைக்காரர்களும் இருந்தார்கள். மில்காரர்கள் 2–1 என்று ஜெயித்தார்கள். ஆட்டத்துக்கு முன்பு அந்த அணி பிளாக்பூல் கடற்கரையில் தங்கிப் பயிற்சி செய்தது. செலவு உள்ளூர் இரும்பு வார்ப்பாலை முதலாளியுடையது. நெசவாளிக்கு அந்த நாட்களில் தறியிலிருந்து விடுதலை. வெற்றிக்கு இதுவும் காரணம்.

தோற்ற தரப்பு உடனே 'அமெச்சூர்' என்கிற புனிதத்தைக் கையிலெடுத்தது. காசுக்கு ஆடுவது கேவலம் என்றார்கள். நிலமும் வட்டியும் சோறு போடுகிறவன் காசு வாங்காமல் ஆடலாம். வேலைக்குப் போகாவிட்டால் கூலி போய்விடுகிறவன் எப்படி ஆடுவான்? 'இழந்த நேரத்துக்கான கூலி' என்று ஒரு கோரிக்கை எழுந்தது. 1885இல் இங்கிலாந்துக் கால்பந்துச் சங்கம் தொழில்முறை ஆட்டத்தைச் சட்டபூர்வமாக்கியது. ஆனாலும் கயிறு விடவில்லை. 1901இல் ஆட்டக்காரர் சம்பளத்துக்கு வாரம் 4 பவுண்டு என்று உச்சவரம்பு வைத்தார்கள். அந்த முறை 1961இல்தான் ஒழிந்தது. வேலைநிறுத்தம் செய்வோம் என்று ஆட்டக்காரர் சங்கம் மிரட்டிய பிறகுதான் ஒழிந்தது.

இப்போது நம் பக்கம் வருவோம். பெரம்பூரில் பக்கிங்ஹாம், கர்னாடிக் மில்கள். 1918 ஏப்ரல் 27இல் சென்னைத் தொழிலாளர் சங்கம் உருவானபோது அதன் முதல் குறைகளில் ஒன்று மதியச் சாப்பாட்டு நேரம் போதவில்லை என்பது. அரை மணி நேரத்தில் கஞ்சி குடித்துவிட்டு ஓட வேண்டும். இந்தியத் தொழிற்சாலைச் சட்டத்தின் பாதையைப் பாருங்கள். 1911இல் பஞ்சாலை ஆண் தொழிலாளிக்கு ஒரு நாளைக்கு 12 மணி நேர வரம்பு. 1922இல் வாரத்துக்கு 60 மணி. 1934இல் 54. 1948இல் 48. லங்காஷயர்க்காரன் 1850களிலேயே பெற ஆரம்பித்த சனிக்கிழமைச் சாயங்காலத்தை வடசென்னைத் தொழிலாளி பெறுவதற்கு முக்கால் நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று. நாம் ஏன் கால்பந்தில் பின்தங்கினோம் என்று கேட்பவர்கள் வெயிலைச் சொல்கிறார்கள், உயரத்தைச் சொல்கிறார்கள், கிரிக்கெட்டைச் சொல்கிறார்கள். சாயங்காலத்தைச் சொன்னவர் யாரையும் நான் பார்க்கவில்லை.

1948இல் லண்டன் ஒலிம்பிக்கில் இந்திய அணியில் பெரும்பாலோர் வெறுங்காலில் ஆடி ஃபிரான்சிடம் 2–1 என்று தோற்றார்கள். இந்தியாவின் ஒரே கோலைப் போட்டவர் சாரங்கபாணி ராமன். நான்கு வருடம் கழித்து ஹெல்சிங்கியில் யூகோஸ்லாவியாவிடம் 10–1. அதன் பிறகுதான் பூட்ஸ் கட்டாயமாயிற்று. வெறுங்கால் என்பது வீரமாகவும் எளிமையாகவும் இன்றுவரை சொல்லப்படுகிறது. ஆனால் காலுக்கு என்ன போடுவது என்பது யார் செலவு செய்வது என்கிற கேள்வியும்தான்.

4

1950களும் 60களின் தொடக்கமும் இந்தியக் கால்பந்தின் பொற்காலம் என்பார்கள். 1951லும் 1962லும் ஆசிய விளையாட்டுத் தங்கம், 1956இல் மெல்போர்னில் நான்காம் இடம். இந்தக் காலத்தின் பெரிய கோல்கீப்பர் பீட்டர் தங்கராஜ். வெலிங்டனில் உள்ள மெட்ராஸ் ரெஜிமென்டல் சென்டருக்கு ஆடியவர். அந்த ராணுவ அணி 1955லும் 1958லும் டூராண்டு கோப்பையை வென்றது. அதற்கு முன்னால் கொடி நாட்டியிருந்தது ஹைதராபாத் சிட்டி போலீஸ். அதன் பயிற்சியாளர் ரஹீம்தான் இந்திய அணிக்கும் பயிற்சியாளர். ராணுவம், போலீஸ், ரயில்வே. அந்தப் பொற்காலத்தின் பெரும்பகுதி அரசாங்கச் சம்பளப் பட்டியலில் இருந்தது.

இது இந்தியாவின் தனிப் பழக்கமில்லை. புஷ்காஷ் ஆடிய ஹோன்வேட் ஹங்கேரி ராணுவத்தின் அணி. அவர் காகிதத்தில் ராணுவ அதிகாரி, களத்தில் முழுநேர ஆட்டக்காரர். 'அரசு அமெச்சூர்' என்று மேற்கத்தியர் கிண்டல் செய்தார்கள். கிண்டலை விட்டுவிட்டுப் பார்த்தால், ஆடுகிற உடம்புக்கும் ஆடி ஓய்ந்த உடம்புக்கும் அரசு பொறுப்பேற்ற ஒரு முறை அது.

சென்னையில் அந்த முறை அலுவலக அணிகளாக வளர்ந்தது. 1955இல் தொடங்கிய ஐ.சி.எஃப்., தென்னக ரயில்வே, துறைமுகப் பொறுப்புக் கழகம், சுங்கத்துறை, வருமானவரித்துறை, இந்தியன் வங்கி. சென்னை லீகில் இந்தப் பெயர்கள்தான் திரும்பத் திரும்ப வரும். இந்தியன் வங்கி 2000களின் தொடக்கத்தில் தேசியக் கால்பந்து லீகிலேயே ஆடியது. எங்கள் மாஸ்டர் 1980களில் ஒரு மத்திய அரசு நிறுவனத்தில் ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் சேர்ந்தவர். அவர் சொல்வார்:

"காலைல பிராக்டிஸ். பத்தரைக்கு ஆபீஸ். கையெழுத்து போட்டுட்டு ரெண்டு மணி நேரம் ஃபைல் பாப்போம். மறுபடி சாயந்தரம் பிராக்டிஸ். முட்டி போனப்ப நிறுவனத்து ஆஸ்பத்திரிதான் பாத்துது. ஆட்டம் நின்னுது, சம்பளம் நிக்கல. இன்னிக்கு பென்ஷன்ல உக்காந்து உங்களுக்கெல்லாம் கத்துக் குடுக்குறேன்னா, அது யார் போட்ட சோறு?"

நான் இதை இனிய நினைவாக எழுதவில்லை. அந்த முறையின் ஓட்டைகளை மாஸ்டரே சொல்வார். ஒரு தெருவில் முப்பது பேர் ஆடினால் ஒருவருக்கு வேலை. செலக்‌ஷன் கமிட்டியில் யாரைத் தெரியும் என்பது காலில் என்ன இருக்கிறது என்பதைவிடச் சில சமயம் பெரிதாக இருந்தது. எங்கள் பகுதியில் அணிகள் தெருவாரியானவை, தெருக்கள் சாதிவாரியானவை. சேரிப் பையன் எவ்வளவு நன்றாக ஆடினாலும் அவனைப் பார்ப்பதற்கு யாராவது அந்தப் பக்கம் வர வேண்டும். வேலை கிடைத்தவுடன் ஆட்டம் மந்தமாகிவிட்டவர்களும் உண்டு. நிரந்தரச் சம்பளம் இருக்கும்போது எதற்கு ஓட வேண்டும் என்று. பெண்கள் அந்தக் கோட்டாவின் கணக்கிலேயே நெடுங்காலம் இல்லை.

பெண்கள் விஷயத்தில் கதை பின்னால்தான் திரும்பியது. தமிழ்நாட்டுப் பெண்கள் அணி 2018இல் மணிப்பூரை வென்று முதல்முறையாகத் தேசியப் பட்டம் பெற்றது, 2023இல் மறுபடியும். மதுரையின் சேது எஃப்.சி. 2019இல் இந்தியப் பெண்கள் லீகை வென்றது. இந்திய அணிக்கு ஆடிய கடலூர் இந்துமதி கதிரேசன் தமிழ்நாடு போலீசில் சப்-இன்ஸ்பெக்டர். 2020இல் கொரோனா முடக்கத்தின்போது ஆட்டங்கள் எல்லாம் நின்றுபோயின. அவர் சென்னைத் தெருவில் காவல் பணியில் நின்றார். ஆட்டம் நின்றாலும் அவருக்கு மாதச் சம்பளம் இருந்தது. கிளப்பை மட்டும் நம்பியிருந்த எத்தனை பேருக்கு அது இருந்திருக்கும்?

5

1990களில் ஊர் மாறியது. பக்கிங்ஹாம், கர்னாடிக் மில்கள் 1996இல் மூடப்பட்டன. பொதுத்துறை நிறுவனங்கள் ஆள் எடுப்பதைக் குறைத்தன. 2000–01இல் பொதுத்துறை வங்கிகள் விருப்ப ஓய்வு என்ற பெயரில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோரை வீட்டுக்கு அனுப்பின. ஆள் எடுக்காத இடத்தில் ஸ்போர்ட்ஸ் கோட்டா என்பது பூஜ்யத்தின் விழுக்காடு. தமிழ்நாடு அரசு விளையாட்டு வீரர்களுக்கு வேலைவாய்ப்பில் 3 விழுக்காடு ஒதுக்கியிருக்கிறது, நல்லதுதான். 3 விழுக்காடு என்பது எத்தனை பேர் என்பதை மொத்த இடங்கள்தான் சொல்லும்.

1996–97இல் தொடங்கிய தேசியக் கால்பந்து லீகின் முதல் சாம்பியன் பஞ்சாபின் ஜே.சி.டி. அதுவும் ஒரு மில் அணி, பக்வாரா பஞ்சாலையினுடையது. 2010இல் மஹிந்திரா யுனைடெட் கலைக்கப்பட்டது. 2011இல் ஜே.சி.டி.யும் போயிற்று. 2013இல் ஏர் இந்தியாவும் ஓ.என்.ஜி.சி.யும் கிளப் உரிம நிபந்தனைகளை நிறைவு செய்யவில்லை என்று ஐ-லீகிலிருந்து வெளியேற்றப்பட்டன. ஆட்டத்தைத் தொழில்முறையாக்குவது என்பதன் நடைமுறைப் பொருள், நிரந்தர வேலை கொடுத்த அணிகளை வெளியே அனுப்பி ஒப்பந்தம் கொடுக்கும் அணிகளை உள்ளே கொண்டுவருவதாக ஆயிற்று. நிபந்தனைகள் தவறு என்று நான் சொல்லவில்லை. இளைஞர் பயிற்சி, மைதானம், கணக்கு வழக்கு எல்லாம் வேண்டியவைதான். ஆனால் பழைய அணி கொடுத்து வந்த பென்ஷனும் ஆஸ்பத்திரியும் புதிய பட்டியலில் எந்த வரியிலும் இல்லை.

2014இல் ஐ.எஸ்.எல். வந்தது. சம்பளம் கூடியது; இதை மறுப்பது நேர்மையாகாது. வியாசர்பாடித் தெருவில் ஆடி வளர்ந்த தனபால் கணேஷ் 2017–18இல் கோப்பை வென்ற சென்னையின் எஃப்.சி.யில் இருந்தார். சென்னைப் பையன் நந்தகுமார் சேகர் 2023 ஆகஸ்ட் 12 அன்று டூராண்டு கோப்பையில் மோகன் பகானுக்கு எதிராகப் போட்ட ஒற்றைக் கோல், நாலரை ஆண்டுகளாக அந்த மோதலில் ஜெயிக்காமலிருந்த ஈஸ்ட் பெங்காலை ஜெயிக்க வைத்தது. எங்கள் தெருவில் அன்று ராத்திரி வெடி வெடித்தார்கள். அலுவலக அணி முறையில் இந்த உயரம் சாத்தியமில்லை என்று சொல்கிறவர்களுக்கு என்னிடம் எதிர்வாதம் இல்லை.

ஆனால் அதே காலத்தின் இன்னொரு பக்கம் சென்னை சிட்டி எஃப்.சி. 1946இல் தொடங்கிய பழைய கிளப். 2019 மார்ச் 9 அன்று கோயம்புத்தூரில் மினர்வா பஞ்சாபை 3–1 என்று வென்று, ஒரே ஒரு புள்ளி வித்தியாசத்தில் ஈஸ்ட் பெங்காலை முந்தி ஐ-லீக் சாம்பியன் ஆனது. தமிழ்நாட்டு அணி ஒன்று இந்திய லீகை வென்றது என்று கொண்டாடினோம். 2020–21க்குப் பிறகு அந்தப் பெயர் ஐ-லீகில் இல்லை. இரண்டே வருடம்! ஒரு மில் மூடினால் கேட்டுக்கு முன்னால் கொடி பிடித்து உட்காரவாவது ஆட்கள் இருந்தார்கள். ஒரு சாம்பியன் அணி மறைந்தபோது எந்தக் கேட்டுக்கு முன்னால் யார் உட்கார்ந்தார்கள்?

பிறகு 2025. அகில இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பு 2010 டிசம்பரில் தன் வணிக உரிமைகளை 15 வருடத்துக்கு 700 கோடி ரூபாய்க்குக் கொடுத்திருந்தது. அந்த ஒப்பந்தம் முடியப் போகிறது, புதியது கையெழுத்தாகவில்லை என்ற காரணத்தால் 2025 ஜூலையில் ஐ.எஸ்.எல். பருவம் நிறுத்தி வைக்கப்பட்டது. ஆகஸ்டில் பெங்களூரு எஃப்.சி. வீரர்கள், ஊழியர்கள் சம்பளத்தை நிறுத்தி வைத்தது. சென்னையின் எஃப்.சி.யும் தன் செயல்பாடுகளை நிறுத்தி வைப்பதாக அறிவித்தது. பிப்ரவரி 14இல் போட்டி தொடங்கும் என்ற அறிவிப்பு 2026 ஜனவரியில்தான் வந்தது. மேலே இருந்த இரண்டு கையெழுத்துகளுக்கு நடுவில், நாட்டின் முதல்தர ஆட்டக்காரர்கள் வேலை உண்டா இல்லையா என்று தெரியாமல் அரை வருடம் உட்கார்ந்திருந்தார்கள்.

வள்ளூர்க்காரனுக்கு இந்தக் கதை புதிதில்லை. மூல ஒப்பந்தக்காரன் ஒருவன், அவனுக்குக் கீழே கிளை ஒப்பந்தக்காரன், அதற்குக் கீழே கேட் பாஸ். மேலே டெண்டர் முடிந்தால் கீழே பாஸ் செல்லாது. பாய்லர் பராமரிப்புக்கு ஆள் எடுப்பார்கள்; முடிந்ததும் வீட்டுக்கு. நிரந்தரமாக நடக்கிற வேலைக்கு ஒப்பந்தத் தொழிலாளியைத் தடைசெய்ய வழி வைத்த 1970ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடத்தில் 2025 நவம்பர் 21 முதல் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பு வந்துவிட்டது. 'நிச்சயிக்கப்பட்ட கால வேலை' என்பது அதில் முறையான வடிவம். இந்தச் சொல்லைப் படித்தபோது எனக்குக் கால்பந்து ஒப்பந்தம் நினைவுக்கு வந்தது. ஆட்டக்காரன் எப்போதும் நிச்சயிக்கப்பட்ட காலத் தொழிலாளிதான். வித்தியாசம் ஒன்றுண்டு: அவனைத் தொழிலாளி என்று நாம் கூப்பிடுவதில்லை. 'நட்சத்திரம்' என்கிறோம், அல்லது 'பாவம், வாய்ப்புக் கிடைக்காதவன்' என்கிறோம்.

6

அப்படியானால் தெருவில் நடப்பது என்ன? 1990களின் இறுதியில் வியாசர்பாடி முல்லை நகரில் குடிசைப் பகுதிப் பிள்ளைகளுக்காகத் தொடங்கிய பயிற்சி அமைப்பு இன்றும் நடக்கிறது. ஆட்டத்தோடு பள்ளிப் படிப்பையும் கட்டிப் போட்டது அவர்களுடைய புத்திசாலித்தனம். இம்மாதிரி முயற்சிகளும் எங்கள் மாஸ்டர் மாதிரி ஆட்களும்தான் பன்னிரண்டு வயதிலிருந்து இருபது வயது வரையிலான அந்தச் செலவைச் சுமக்கிறார்கள். ஆட்டக்காரன் நாடு விட்டு நாடு விலைக்குப் போனால், பன்னிரண்டு வயதிலிருந்து அவனை வளர்த்த கிளப்புகளுக்கு 5 விழுக்காடு பங்கு தர வேண்டும் என்று ஃபிஃபா விதி உண்டு. பதிவேட்டில் பெயர் உள்ள கிளப்புக்குத்தான் அது. சவுக்குக் கழி நட்டவனுக்கு அதில் ஒரு காசும் வராது.

இதை எழுதுகிறபோது தோழர்களிடம் ஒரு சண்டை உண்டு. விளையாட்டைப் பற்றிப் பேசினால் அது மக்களை மயக்கும் கேளிக்கை என்று ஒதுக்கிவிடுகிற பழக்கம் நம்மிடம் இருக்கிறது. சி.எல்.ஆர். ஜேம்ஸ் 1963லேயே கிரிக்கெட்டை வைத்துக் காலனியத்தையும் வர்க்கத்தையும் நிறத்தையும் பேசிக் காட்டினார். நம் தொழிற்சங்கங்களின் கோரிக்கைப் பட்டியலில் கேன்டீன் உண்டு, போனஸ் உண்டு. தொழிலாளி குடியிருப்பின் மைதானத்தை நான் பார்த்ததில்லை. ஆட்டக்காரர்களுக்கு 2006இல் பாய்ச்சுங் பூட்டியா தலைமையில் ஒரு சங்கம் உருவானது. அதற்கும் நம் சங்கங்களுக்கும் என்ன உறவு? சிப்காட் போட நிலம் எடுக்கிறபோது வேலை கேட்டுப் போராடியிருக்கிறோம். பந்து உருட்ட ஓர் ஏக்கர் கேட்டுப் போராடினோமா? எட்டு மணி நேர வேலை, எட்டு மணி நேர ஓய்வு, எட்டு மணி நேரம் நமக்காக என்று மே தினத்தில் முழங்குகிறோம். அந்த மூன்றாவது எட்டில் என்ன செய்வது என்பதை யோசிக்காமலே விட்டுவிட்டோம். பன்னிரண்டு மணி நேர ஷிப்டும் ஓ.டி.யும் அதை விழுங்கியபோது அதனால்தான் நமக்கு வலிக்கவில்லை.

அக்காவிடம் போய் உட்கார்ந்தேன். பையன்கிட்ட இருக்கா இல்லியான்னு நான் சொல்ல முடியாதுக்கா, அத மாஸ்டர் சொல்லணும், அவர் இருக்குன்னுதான் சொல்றாரு என்றேன். ஆனா அது பாதிதான். மீதிப் பாதி அவங்கிட்ட இல்ல, கூப்பிடுறவங்ககிட்ட இருக்கணும். போறதுக்கு முன்னாடி இத கேளுங்க என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன். எழுத்தில் ஒப்பந்தம் உண்டா, நமக்குப் புரிகிற மொழியில் யாராவது வாசித்துக் காட்டுவார்களா? வருடத்தில் எத்தனை மாதம் சம்பளம்? முட்டி போனால் ஆபரேஷன் செலவு யாருடையது, ஆட முடியாத அந்த ஒன்பது மாதத்துக்குச் சோறு யார் போடுவார்கள்? தபால் வழியிலாவது டிகிரி படிக்க விடுவார்களா? பாதியில் அணியைக் கலைத்தால் பாக்கி யார் தருவார்கள்?

அக்கா தாளை வாங்கி மெதுவாகப் படித்தார். பிறகு மறுபக்கம் திருப்பிப் பார்த்தார். ஒன்றும் எழுதியிருக்கவில்லை.

"இதுல ஃபுட்பாலுன்னு எங்கியுமே வரலியே தம்பி. கேட் பாஸ் தர்றேன்னு சொன்னாரே, அவராண்டயும் இதே கேள்விய கேக்கலாமா?"

கேட்கலாம் என்றேன். இருபது வருடமாக அவர் வீட்டுக்காரர் அந்தக் கேட்டுக்குள் போய் வருகிறார். இதுவரை யாரும் கேட்டதில்லை என்றார் அக்கா. தாளை மடித்து ரேஷன் கார்டுக்குள் வைத்துக்கொண்டார்.

பையன் ட்ரையல்ஸுக்குப் போயிருக்கிறான். முடிவு இன்னும் வரவில்லை. கேட் பாஸ் வேறு ஒரு பையனுக்குப் போய்விட்டது. அவன் எங்கள் அணியின் சென்டர் ஃபார்வர்டு. இப்போது சாயங்காலம் கிரவுண்டுக்கு வருவதில்லை. பன்னிரண்டு மணி நேர ஷிப்ட்.